சிவப்புத் துணி கட்டிய சுரைக்காய்

காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் அந்தக் காயைப் பறிக்கக் கூடாது. அது விதைக்கு விட்ட காய். ஆடு, குரங்கு நீங்கலாக விருத்தாசலத்தில் எல்லோருக்கும் இது தெரியும் என்றுதான் பானுமதி நினைத்திருந்தாள். தோட்ட ஆபீஸுக்குத் தெரியாது என்பது தை மாதம்தான் தெரிந்தது. அதற்குள் அவர்கள் கத்தரிக்கோல் வாங்கிவிட்டார்கள்.

தோட்ட ஆபீஸ் என்பது ஊர் வைத்த பெயர். பலகையில் எழுதியிருந்தது 'நகர்ப்புற நிலைத்த இல்ல வேளாண்மை நெறிப்படுத்து வாரியம்'. பலகை கட்டடத்தைவிட நீளம். கடைசி மூன்று எழுத்துகள் பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவரில் இருந்தன. மொட்டை மாடியிலும் கொல்லையிலும் ஜனங்கள் காய்கறி போடுவது பெருகிவருகிறது, கவனிக்காமல் விட்டால் அது பாட்டுக்கு வளர்ந்துவிடும் என்ற கவலையில் தொடங்கப்பட்ட வாரியம் அது.

பானுமதியின் வீடு செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஐந்தே வீடுகள் உள்ள ஒரு சந்தில் இருந்தது. கணவன் பச்சமுத்துவுக்குப் பொம்மைக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைமண் பொம்மையைக் கவிழ்த்து, அடியில் கம்பியால் ஒரு துளை போட்டு, காயவைத்துச் சூளையில் அடுக்க வேண்டும். துளை இல்லாத பொம்மை சூட்டில் வெடிக்கும். வெடிக்கும்போது பக்கத்தில் இருக்கும் நாலு பொம்மைகளையும் கூட்டிக்கொண்டு போகும். இருபத்தைந்து வருஷமாகத் துளை போட்டு வந்ததில், உலகத்தில் எந்தத் தொல்லைக்கும் அடியில் ஒரு துளை இருந்தால் போதும் என்ற முடிவுக்கு அவன் வந்திருந்தான்.

தொழிற்பேட்டைச் சூளைகளில் விரிசல் விட்டு ஒதுக்கியதையெல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். அவற்றில்தான் பானுமதியின் மாடித் தோட்டம். வாஷ்பேசினில் அரைக்கீரை. ஊறுகாய் ஜாடியில் மிளகாய். தும்பிக்கை உடைந்த யானைக்குள் புதினா. கழிப்பறைப் பீங்கான் மூன்றில் தக்காளி, கத்தரி, சுரை. யாரும் ஒரு நாளும் உட்கார்ந்திராத புதுப் பீங்கான். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சுரைக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதுசில், சேத்தியாத்தோப்புச் சந்தைக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வருகிறேன் என்று போனான் பச்சமுத்து. பூ தீர்ந்துவிட்டது. வெறுங்கையோடு வரப் பயந்துபோய், பேப்பரில் மடித்த ஆறு சுரை விதைகளோடு வந்து நின்றான். "பூ வாங்கியாரச் சொன்னா விதைய வாங்கியாந்து நிக்கிறீங்களே, இத தலையிலயா வெக்கிறது?" என்று அவள் கேட்டாள். "நட்டு வையி. பூக்கும்" என்றான். பூத்தது. குண்டு குண்டாகக் காய்த்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆறு விதைகளின் பிள்ளைகள்தான் சந்தின் ஐந்து வீட்டுக் கூரைகளிலும் படர்ந்தன. ஒவ்வொரு வருஷமும் பானுமதி ஒரு காயில் சிவப்புத் துணி கட்டுவாள். அது காய்ந்ததும் ஐந்து வீட்டுக்கும் விதையைப் பங்கு வைப்பாள். அவ்வளவுதான் ஏற்பாடு. இதற்குக் கமிட்டி கிடையாது.

அதில்தான் வாரியம் குறை கண்டது.

ஐப்பசியில் ஒரு நாள் பரத்வாஜ் என்ற கள அலுவலர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் வியர்வை, கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. பதிவு செய்யாத மாடித் தோட்டங்களை அகற்ற விதியில் இடமிருக்கிறது என்றும், பதிவு செய்தால் அதே தோட்டத்தை அகற்றாமல் இருக்க விதியில் இடமிருக்கிறது என்றும் மரியாதையாகச் சொன்னார். பானுமதி பதிவு செய்துகொண்டாள்.

படிவத்தில் தொட்டியின் வகை என்று ஒரு கட்டம். மண் தொட்டி, நெகிழிப் பை, இதர. பரத்வாஜ் நேர்மையானவர். 'இதர: கழிப்பறை - 3' என்று எழுதினார்.

கழிப்பறை என்று வந்ததால் விண்ணப்பம் வாரியத்தின் சுகாதாரப் பிரிவுக்குப் போயிற்று. அங்கிருந்து ஒருவர் வந்து பார்த்து, மொட்டை மாடியில் மூன்று கழிப்பறைகள் திறந்தவெளியில் இருப்பதாகவும், ஒன்றுக்கும் கதவில்லை என்றும், மூன்றிலும் செடி முளைக்கும் அளவுக்குப் பராமரிப்புக் குறைவு என்றும் எழுதிக்கொண்டு போனார். பதினைந்து நாளில் கதவு வைக்கும்படி கடிதம் வந்தது.

"கதவு வச்சா வெயிலு எப்படிப் படும்?" என்றாள் பானுமதி.

"தக்காளிக்குக் கூச்சம் இருக்கும்னு நெனைக்கிறாங்க போல" என்றான் பச்சமுத்து. பிறகு மூன்று பீங்கானிலும் 'இது தொட்டி' என்று பெயின்டில் எழுதினான். கோப்பு அதை ஏற்றுக்கொண்டது. எழுதியிருந்தால் கோப்பு எதையும் ஏற்றுக்கொள்ளும்.

அடுத்தது விதை. ஜாடியில் சாம்பல் கலந்து பானுமதி வைத்திருந்த சுரை விதைகளைப் பரத்வாஜ் பார்த்துவிட்டார். அங்கீகாரமில்லாத விதையை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். முளைப்புத் திறன் ஆய்வுக்கு அனுப்ப வேண்டுமாம்.

"மொளைக்குதான்னு தெரியணும், அவ்ளோதான சார்? ரெண்ட மண்ணுல போடுங்க. எட்டு நாள்ல தெரிஞ்சிடும்."

"அப்படியெல்லாம் முளைக்க விட முடியாதும்மா. முதல்ல அனுமதி வரணும்."

நாற்பத்தோரு விதைகளும் ஒரு உறைக்குள் போயின. உறையில் அரக்கு. மேலே நூல் கோத்த வெள்ளைச் சீட்டு. 'மாதிரி. பயிர்: குண்டுச்சுரை. பயனாளி: பானுமதி. மூவர் குழுவின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலின்றி இதைத் தொடவோ, அறுக்கவோ, திறக்கவோ கூடாது.' அடியில் வட்ட முத்திரை. அதே சீட்டின் இன்னொரு பிரதியை, 'பயனாளி நகல்' என்று அவள் கையில் கொடுத்தார். அதிலும் நூலும் முத்திரையும் இருந்தன. பானுமதி அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தாள்.

கார்த்திகை மழை அந்த வருஷம் ஒன்பது நாள் விடாமல் பெய்தது. மணிமுத்தாறு கரையைத் தொட்டது. ஐந்து வீட்டுச் சுரைக்கொடியும் அழுகிப் போயின. பானுமதியின் கொடியில் மட்டும் ஒரு கிளை தப்பித்தது. அதில் ஒரே ஒரு பிஞ்சு. மழை விட்ட அன்று, பழைய ரவிக்கையின் ஓரத்தைக் கிழித்து அதன் காம்பில் சிவப்புத் துணி கட்டினாள். நாலாவது வீட்டு ஜைத்தூன் மாடியேறி வந்து பக்கத்தில் நின்றாள். மங்கலம்பேட்டையிலிருந்து இங்கே வாழ வந்தவள். புருஷன் குவைத்தில் இருக்கிறான்.

"அக்கா, இதுவும் போயிட்டா?"

"வாய மூடு."

"இல்லக்கா, ஆபீஸுல நம்ம விதை இருக்குதே, அத திருப்பிக் கேட்டா என்ன?"

கேட்டாள். மூன்று முறை போனாள். மூன்றாவது முறை கமலம் என்ற எழுத்தர் அம்மாள் இரக்கப்பட்டுப் பீரோவைத் திறந்து காட்டினாள். அடுக்கடுக்காக உறைகள். ஒவ்வொன்றிலும் அரக்கு, நூல், வெள்ளைச் சீட்டு. பானுமதியின் உறை இரண்டாவது தட்டில் இருந்தது. கைநீட்டினால் எட்டும் தூரம். அவள் கைநீட்டினாள்.

"ஐயோ, தொடாதீங்க!" கமலம் அலறியே விட்டாள். "சீட்டு இருக்குது பாருங்க. போன இயக்குநரே இதுல கை வெக்கல. வெள்ளம் வந்தப்போ பீரோவ தூக்குனோமே தவிர ஒரு உறைய தொடல."

"அந்த மூணு பேர் கையெழுத்து போட்டா குடுப்பீங்களாம்மா?"

"குடுப்போமே. ஆனா ஒருத்தரு ரிட்டயர்டு. ஒருத்தரு மாத்தலாயி போயிட்டாரு. மூணாவது ஆள இன்னும் போடல."

பானுமதி திரும்பி வந்தாள். சாப்பிடவில்லை, பேசவில்லை. பச்சமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஒரு ஓட்டை வுட்டு வச்சுக்க பானு. உள்ளயே அடைச்சு வச்சா வெடிச்சிடுவ. பக்கத்துல நான் வேற இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டாள்.

இனி அந்த ஒரே காய்தான். இருபத்திரண்டு வருஷமும் ஐந்து வீடும் அதற்குள் இருந்தன. காலையில் எழுந்ததும் மாடிக்குப் போய்ப் பார்ப்பாள்; மத்தியானம் பார்ப்பாள்; குரங்கு வந்தால் துடைப்பத்தோடு ஓடுவாள். மார்கழியில் காய் குழந்தைத் தலை அளவுக்கு வந்தது. தையில் தோல் முற்றியது. உள்ளே விதை முற்ற இன்னும் ஒரு மாசமாவது கொடியிலேயே இருக்க வேண்டும்.

அப்போதுதான் பரத்வாஜ் ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, உங்க தோட்டம் மண்டலத்துலயே முன்மாதிரித் தோட்டமா தேர்வாயிருக்கு! இருபத்தெட்டாம் தேதி இயக்குநர் வெங்கடகிருஷ்ணன் சார் நேரா வர்றார். அழைப்பிதழ் அச்சடிச்சாச்சு." நீட்டினார்.

பானுமதி வாசித்தாள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, விளக்கவுரை. பிறகு: 'சிவப்பு நாடா கத்தரித்து முதற்காய் அறுவடை - இயக்குநர் அவர்கள்.' பிறகு, பயனாளி ஏற்புரை, இரண்டு நிமிடம்.

"எந்தக் காய சார்?"

"அதோ, நீங்களே சிவப்பு ரிப்பன் கட்டி வெச்சிருக்கீங்களே! போன தடவை பாத்தப்பவே போட்டோ எடுத்து மேல அனுப்பிட்டேன். சார் ரொம்ப சந்தோஷப்பட்டார். 'யாருமே சொல்லாம ஒரு பயனாளி எனக்காக ரிப்பன் கட்டிக் காத்திருக்காங்களே'ன்னு கண் கலங்கிட்டார்."

பானுமதி காய்க்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"சார், அது ரிப்பன் இல்ல. விதைக்கு வுட்டது. தொடாதீங்கன்னு கட்டுனது."

பரத்வாஜின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. "தொடாதீங்கன்னா... அழைப்பிதழ் போயிடுச்சேம்மா."

"கடையில ஒரு சுரக்கா வாங்கிக் கட்டி வெச்சிடலாமா சார்? அத வெட்டட்டும்."

"காய்க்கு நம்பர் குடுத்தாச்சு. போட்டோவுல இடம், நேரம் எல்லாம் பதிவாயிருக்கு. வேற காய் இருந்தா அது ஆள்மாறாட்டம்." குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ரெண்டு மாசத்துல என் வேலைய நிரந்தரம் பண்ணணும்மா. சார் கையெழுத்து போடணும். நிகழ்ச்சி நடக்கலன்னா தோட்டப் பதிவையும் ரத்து பண்ணிடுவாங்க. ரத்தானா அகற்றணும். நான் சொல்லல, விதி சொல்றது."

அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னாடியே பந்தல்காரர்கள் வந்தார்கள். மாடிக்கு நாற்பது நாற்காலி ஏறியது. நாற்காலி போட இடம் வேண்டி மிளகாய் ஜாடிகள் படிக்கட்டுக்கு இறங்கின. இருபது அடியில் ஒரு பேனர் தெற்கு ஓரமாக ஏறியது. அதில் இயக்குநர் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். செடியைவிடப் பூவாளி பெரிதாக இருந்தது. 'சூரிய ஒளியே வேளாண்மையின் உயிர்' என்ற வாசகம் அடியில். அந்தப் பேனரின் நிழல் காலையிலிருந்து சாயங்காலம் வரை தோட்டம் முழுவதும் விழுந்தது.

"ரெண்டு நாளைக்குத்தான், பொறுத்துக்கட்டும்" என்றான் பச்சமுத்து, கீரையைப் பார்த்து.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி. பதினொன்றரைக்கு இயக்குநர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய சந்தன வாசனை. பானுமதியைப் பார்த்துக் கும்பிட்டார். நல்ல மனுஷர் போலத்தான் தெரிந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் வெல்வெட் விரித்த தட்டை ஏந்தி வந்தார். தட்டில் கத்தரிக்கோல். புதுசு, வெயிலில் மின்னியது.

பானுமதி சுரைப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றாள். காய்க்கும் அவளுக்கும் ஒரு முழம்.

"அய்யா, ஒரு வார்த்தை" என்று ஆரம்பித்தாள்.

பரத்வாஜ் பாய்ந்து வந்தார். "அம்மா, உங்க நேரம் கடைசியில. ஏற்புரையில சொல்லலாம்."

"அதுக்குள்ள வெட்டிடுவாங்களே சார்."

"வெட்டினதுக்குத்தானேம்மா ஏற்புரை?"

வரவேற்புரை முடிந்தது. தலைமையுரை முடிந்தது. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தச் சகோதரி போன்றவர்களுக்கு விவசாயம் தெரியும். ஆனால், தெரிந்திருந்தால் மட்டும் போதுமா? அது முறைப்படி தெரிந்திருக்க வேண்டும். வாரியம் வருவதற்கு முன் இந்த ஊரில் காய்கறி எப்படி வளர்ந்தது? யாருக்கும் தெரியாமல் வளர்ந்தது! எந்தக் காய், எத்தனை காய், யாருடைய அனுமதியில் காய்த்தது? எந்தப் பதிவும் இல்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. காய் குறைந்திருக்கலாம், பதிவு கூடியிருக்கிறது."

கை தட்டினார்கள். நாற்காலி வரிசையில் ஜைத்தூன் மட்டும் தட்டாமல் பானுமதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டுகளில் நானூறு விதை மாதிரிகளைச் சேகரித்திருக்கிறோம். பெருமையோடு சொல்கிறேன், இன்றுவரை அதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்த அளவுக்குப் பாதுகாப்பு! எங்கள் மூவர் குழுவின் சீட்டு கட்டிய மாதிரியை நானே தொட மாட்டேன். தொட்டால் என் மீதே விசாரணை வரும். வர வேண்டும்! அதுதான் அமைப்பு."

பானுமதியின் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. மெதுவாகப் பின்னால் நகர்ந்தாள். ஒரு அடி. இரண்டு அடி. பிறகு திரும்பிப் படிக்கட்டில் இறங்கினாள். மிளகாய் ஜாடி ஒன்று காலில் தட்டி உருண்டது. நிற்கவில்லை.

சாமி அலமாரியில் பஞ்சாங்கம் இல்லை. பச்சமுத்து எங்கோ மாற்றி வைத்திருக்கிறான். டீவிக்கு மேல் இல்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் இல்லை. மேலே மைக்கில் குரல் கேட்டது: "இப்போது, நாம் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்த..." கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். தலையணைக்கு அடியில். ஜன்னல் திட்டில், பச்சமுத்துவின் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே, பஞ்சாங்கம். உள்ளே மார்கழிப் பக்கத்தில் சீட்டு.

படியேறி ஓடினாள். மேலே இயக்குநர் கத்தரிக்கோலை எடுத்திருந்தார். போட்டோக்காரர், "சார், கொஞ்சம் இடது பக்கம், காய் தெரியணும்" என்று சொன்னதால் இயக்குநர் இடது பக்கம் நகர்ந்தார். அந்த ஒரு நகர்வுதான் அவளுக்குக் கிடைத்த அவகாசம். கத்தரிக்கோல் வாயைத் திறந்து காம்புக்கு வந்தபோது, பானுமதியின் கை குறுக்கே போய்ச் சீட்டின் நூலைக் காம்பில் மாட்டி இழுத்து முடிந்துவிட்டது.

"என்னம்மா இது?"

"சீட்டுங்க. உங்க ஆபீஸு சீட்டு. மறந்துட்டேன், படிச்சுப் பாருங்க."

இயக்குநர் குனிந்தார். பழக்கம் அது, சீட்டைக் கண்டால் அவர் கண் தானாகப் படிக்கும். "மாதிரி. குண்டுச்சுரை. பயனாளி பானுமதி. மூவர் குழுவின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலின்றி இதைத் தொடவோ, அறுக்கவோ..."

முத்திரையைப் பார்த்தார். கத்தரிக்கோல் இருந்த கை, பாம்பு படுத்த புதரிலிருந்து வருவதுபோலப் பின்னால் வந்தது.

"பரத்வாஜ்!"

"சார்."

"இது மாதிரியா?"

பரத்வாஜ் சீட்டைப் பார்த்தார். பானுமதியைப் பார்த்தார்.

"சீட்டு... நம்ம சீட்டுதான் சார். முத்திரை நம்மளுது. என் கையெழுத்தும் இருக்கு."

"என் கையால மாதிரியை அறுக்க வெக்கப் பாத்தீங்களா? அதுவும் போட்டோவோட?" இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு பானுமதியைத் திரும்பிப் பார்த்து, தழுதழுத்த குரலில் சொன்னார்: "அம்மா, என் பதவியையே காப்பாத்தினீங்க."

ஆனால் வெட்டு என்று அழைப்பிதழில் போட்டாகிவிட்டது. எதையாவது வெட்டியாக வேண்டும். அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். கீரையை வெட்டலாமா என்றால் அது முதற்காய் ஆகாது. கடைசியில் பேனரைக் கட்டிய கயிறு சிவப்பு நிறம் என்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். கைதட்டல்களுக்கு நடுவே இயக்குநர் அதை வெட்டினார். இருபது அடிப் பேனர் முன்வரிசை விருந்தினர் மீது மெதுவாகச் சாய்ந்தது. இரண்டு நாளுக்குப் பிறகு தோட்டத்தின் மீது வெயில் விழுந்தது. நிகழ்ச்சியில் நடந்த ஒரே விவசாயப் பணி அதுதான்.

காய் தப்பித்தது. ஆனால் சீட்டு கட்டிய காய் வாரியத்தின் காய். வாராவாரம் ஒருவர் வந்து, காய் இருக்கிறதா என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு போனார். முதல் வாரம் 'இருக்கிறது'. இரண்டாம் வாரம் 'தொடர்ந்து இருக்கிறது'. மாசி முடிந்து பங்குனி வந்தபோது கொடி வாடி, காய் வெளுத்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலத்தது. நடுவதற்குத் தயாராக இருந்தது; தொடத்தான் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடிதம் வந்தது: வரும் திங்கட்கிழமை மாதிரியைத் தலைமையகக் கண்ணாடிப் பேழைக்கு எடுத்துச் செல்ல வண்டி வரும். சீட்டும் காயும் சேதமின்றி ஒப்படைக்கப்பட வேண்டும்.

அது சனிக்கிழமை. பானுமதி கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தாள். ஜைத்தூன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பீரோவுல நாப்பத்தோரு விதை. பேழையில ஒரு காயி. மண்ணுல ஒண்ணுமில்ல" என்றாள் பானுமதி. கண் நிறைந்துவிட்டது. "நானே சீட்ட கட்டி நானே குடுத்துட்டேன் ஜைத்தூனு."

பச்சமுத்து கொடிக்குக் கீழே குந்தி, காயைத் தொடாமல், அடிப்பக்கத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பொம்மையைக் கவிழ்த்துப் பார்க்கிற பார்வை.

"பானு. சீட்டு எங்க இருக்குது?"

"காம்புல."

"மேல. அடியில ஒண்ணும் இல்லியே?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து, கம்பெனியில் துளை போடும் கம்பியை எடுத்தான்.

"சீட்டுல அறுக்கக் கூடாது, தொறக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்குது. காத்து போவ ஓட்டை போடக் கூடாதுன்னு எங்கயும் போடல."

"தொடக் கூடாதுன்னு போட்டிருக்குதே?"

"நான் தொடல. கம்பிதான் தொடுது."

ஜைத்தூன் முந்தானையை விரித்துப் பிடித்தாள். பச்சமுத்து காயைக் கொடியிலிருந்து இறக்காமலே, அடியில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சுற்றிச் சுற்றிக் குடைந்தான். உள்ளே காய்ந்த நாரைக் கம்பியால் கலைத்தான். பானுமதி காம்பைப் பிடித்து மெல்ல ஆட்டினாள். ஒரு விதை விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு பொலபொலவென்று. முந்தானை கனத்தது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

"இப்ப ஆட்டுனா சத்தம் வராதே" என்றாள் ஜைத்தூன். "ஆட்டிப் பாப்பாங்கக்கா. எல்லாரும் ஆட்டித்தான் பாக்குறாங்க."

பச்சமுத்து மாடி மூலைக்குப் போனான். அங்கே உடைந்த பீங்கான் சில்லு ஒரு கூடை எப்போதும் கிடக்கும். விதை அளவுக்குப் பொறுக்கிப் பொறுக்கித் துளை வழியாகப் போட்டான். ஆட்டினான். கலகலத்தது. முன்பைவிடக் கணீரென்று. வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துத் துளையை மூடி விரலால் தேய்த்தான். சாம்பல் தடவினாள் பானுமதி. அந்த இடத்தில் ஒரு பிறவி மச்சம் போல இருந்தது.

திங்கட்கிழமை வண்டி வந்தது. பட்டுத்துணியில் காயை வாங்கிய அதிகாரி அதைக் காதோரம் வைத்து ஆட்டினார். முகம் மலர்ந்தது.

"என்ன வீரியம்!" என்றார்.

பரத்வாஜ் பின்னால் நின்று பதிவேட்டில் எழுதினார். காயின் அடியை ஒரு தடவை பார்த்தார். உடனே பதிவேட்டுக்குத் திரும்பிக்கொண்டார்.

ஆடி பிறந்து பத்து நாளில் பரத்வாஜ் மறுபடியும் வந்தார். வேலை நிரந்தரமாகிவிட்டதாம். ஸ்வீட் கொண்டுவந்திருந்தார். கூடவே வாரியத்தின் ஆய்வறிக்கையும் ஒரு பச்சை உறையும். தலைமையகத்தில் புது மூவர் குழு அமைத்துக் காயை முறைப்படி திறந்திருந்தார்கள். பானுமதி அறிக்கையை வாசித்தாள். 'விதைகள் வெண்மையானவை, மிகக் கடினமானவை. பூச்சி அண்டவில்லை. நாற்பது நாள் தண்ணீரில் வைத்தும் அழுகவில்லை. நூறு டிகிரி வெப்பத்தையும் தாங்கின. முளைப்புத் திறன்: வாரியத்தின் சராசரிக்கு ஏற்ப.'

"முதல்கட்டமா முன்னோடிப் பயனாளிகளுக்கு ஆளுக்கு மூணு விதை" என்று பச்சை உறையை நீட்டினார் பரத்வாஜ். "ராத்திரி ஊற வெச்சு நடணுமாம்."

பானுமதி இரண்டு கையாலும் வாங்கினாள். பிரித்து உள்ளங்கையில் கொட்டினாள். மூன்று வெள்ளைச் சில்லு. ஒன்றின் ஓரத்தில் நீல பெயின்ட். பச்சமுத்து கம்பெனி மயில்பொம்மையின் கழுத்து.

அவளும் பரத்வாஜும் அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே சந்தில் ஜைத்தூன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மொட்டை மாடியிலும் கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுரைக்கொடி ஏறிக்கொண்டிருந்தது. ஏழெட்டு இலைவிட்ட இளம் கொடி.

பரத்வாஜ் அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நெடுநேரம் கொடிகளையே பார்த்தார்.

"அக்கா."

அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எங்க வீட்டுலயும் சின்னதா ஒரு மாடி இருக்கு. அம்மா சும்மாதான் இருக்காங்க. ரெண்டு விதை... நிஜ விதை... கிடைக்குமா?"

பானுமதி சாம்பல் ஜாடியைத் திறந்தாள். ஆறு விதைகளை எண்ணி, நாட்காட்டித் தாளில் மடித்து அவர் கையில் வைத்தாள். வைத்த பிறகும் கையை விடவில்லை.

"ஆபீஸு பக்கம் மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க தம்பி" என்றாள். "நேரா வூட்டுக்குப் போங்க."